ரோசலினின் சைக்கிள் விளக்கு

பினாங்கு ரோட்டில் ரோசலின் சைக்கிளில் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும். ஒரு துரையின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு கொழும்பு, லண்டன் என்று நான்கு வருடம் கப்பலில் அலைந்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில் ஊர் திரும்பியவள் நான். எங்கே போனாலும் துரைசாணி சொன்ன நேரத்துக்குத்தான் போனேன், அவள் சொன்ன நேரத்துக்குத்தான் திரும்பினேன். பக்கத்து வீட்டு ரோசலினோ புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நினைத்த சந்தில் திரும்புவாள்.

அந்த ரோசலினுக்கு வயிறெரிந்தது தன் அண்ணன் சூசையைப் பார்த்து.

சூசை துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் காவலாக இருந்தவன். அங்கே அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விற்று அகப்பட்டுக்கொண்டான். ஆறு மாதம் சிறை. மொட்டைத் தலையோடு வந்து பாவசங்கீர்த்தனம் செய்தான். அந்த வருட மாதா திருநாளிலேயே, சுற்றுப்பிரகாரத்தில் மாதா சுரூபத்தின் மேல் பிடிக்கும் பட்டுப் பந்தலின் கம்பு ஒன்று அவன் கைக்கு வந்துவிட்டது.

ரோசலின் எதையும் திருடவில்லை. அண்ணன் உள்ளே இருந்தபோது வீடு நடக்க வேண்டுமே என்று, கான்வென்டில் படித்த இங்கிலீஷை பர்மா ரோட்டுச் சீனர் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாள். ரிக்‌ஷாவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினாள். மாதா சபைப் பெண்கள் திருநாளில் கழுத்தில் போடும் நீல நாடாவை, சபைத் தலைவி அமலம்மாள் வீடு தேடி வந்து வாங்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு கோயிலில் ரோசலின் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பாட்டுக்குழுவிலும் அவள் இடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டதாம்.

நான் திரும்பி வந்த வருடம், திருநாள் நெருங்கியபோது என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அமலம்மாள் வீட்டுக்குப் போனாள். அமலம்மாள் மெழுகுவத்திகளுக்குக் காகிதக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, என் நாடாவை எப்ப குடுப்பீங்க?”

“நடந்தா வந்த? பரவால்ல, கால் இருக்கிறது ஞாபகம் இருக்கு.”

“அண்ணன் திருடினான். ஆறு மாசம்னு சொன்னாங்க, இருந்துட்டு வந்துட்டான். எனக்கு எத்தனை மாசம்க்கா?”

“இது என்ன கோர்ட்டா? நீ குத்தம் பண்ணினேன்னு யார் சொன்னா? கூடாததைப் பண்ற, அவ்வளவுதான்.”

“சைக்கிளை வித்துட்டா?”

“வித்துட்டு வா. பாக்கலாம்.”

“பாக்கலாம்னா எப்ப?”

“பாக்கலாம்லா.” அமலம்மாள் என் பக்கம் திரும்பினாள். “நீ உன் நாடாவை இஸ்திரி போட்டு வச்சுக்க. நீ துரைசாணி கண்ணு முன்னாலயே இருந்த பொண்ணு, உனக்கென்ன.”

வழியெல்லாம் ரோசலின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதே வாரம், பாடம் முடிந்து இருட்டும் நேரத்தில் வந்தவளைப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். சைக்கிளில் விளக்கு இல்லை. கோர்ட்டுக்கும் நான்தான் துணை. மாஜிஸ்திரேட் விளக்கைப் பற்றி மட்டும் கேட்டார். பெண்பிள்ளை எதற்குச் சைக்கிள் ஏறினாய் என்று கேட்கவில்லை. அவளைச் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அபராதம் கட்டியதும், மொழிபெயர்ப்பாளர் ஆனந்தராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முடிஞ்சுது பிள்ளை. நீர் போகலாம்.”

“முழுசா முடிஞ்சுதா ஐயா? நாளைக்கும் ஓட்டலாமா?”

“விளக்கோட ஓட்டும். ஆர் வேண்டாமெண்டது?”

கோர்ட்டுப் படியில் இறங்கும்போது அவர் குரலிலேயே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நேரே போய் ஒரு எண்ணெய் விளக்கு வாங்கினாள்.

வீட்டில் சூசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“நீ குடுத்து வச்சவன் அண்ணே,” என்றாள். “உனக்கு முடிஞ்சுபோச்சு. கம்பைக் கையில குடுத்துட்டாங்க.”

“குடுப்பாங்க. ஊரே பாக்க நடுரோட்டுல புடிக்கிற கம்பு, அதை எங்க தூக்கிட்டு ஓடப் போறேன்? ஒரு கிட்டங்கிச் சாவியைக் குடுக்கச் சொல்லு, பாப்போம்.” சோற்றைப் பிசைந்தான். “நான் ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா பொம்பளைங்க கை தானா பெட்டிச் சாவியைத் தேடுது. உன்னையும்தான் திட்டுறாங்க. ஆனா சீனன் வீட்டு நடுக்கூடத்துல உனக்கு நாற்காலி போடுறான். உன்னைப் பாத்தாதான் எனக்கு எரியுது.”

ரோசலின் சட்டியில் மிச்சமிருந்த மீனை அவன் தட்டில் வைத்தாள்.

சைக்கிளை அவள் விற்கவில்லை. திருநாளன்று மாலை சுற்றுப்பிரகாரம் எங்கள் தெரு வழியாக வந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் மெழுகுவத்தி. ரோசலின் வீட்டு வாசலில் சைக்கிள் நின்றது, புது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, பாட்டுக்குழுவில் தான் பாடி வந்த மேல்குரலை எடுத்தாள். வரிசையில் பாடி வந்தவர்கள் யாருக்கும் குரல் அவ்வளவு உயரம் போகவில்லை.

சூசை அவளைத் திரும்பிப் பார்த்தான். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது.

“கம்பை நேரா புடிடா,” என்று அமலம்மாள் பல்லைக் கடித்தாள்.

நான் இஸ்திரி போட்ட நாடாவோடு வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். காற்றில் என் மெழுகுவத்தி அணைந்துவிட்டது. அவள் விளக்கு அணையவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நடந்ததில் முன்னால் போனவள் காலை மிதித்துவிட்டேன்.