செருப்பு ஸ்டாண்டில் ஒரு புத்தகம்

பெங்களூர் காக்ஸ் டவுனில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுவோம். அங்கே வருகிற நர்ஸம்மா ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டேதான் கருத்துச் சொல்வார்.

அவருக்கு இரவல் கொடுத்த மூன்று புத்தகங்களை வாங்கிவர ஒரு ஞாயிறு ஜீவனஹள்ளியில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில், செருப்பு ஸ்டாண்டின் மேல், நான் பழுப்புத்தாள் அட்டை போட்டுக் கொடுத்த புத்தகங்களில் ஒன்று கிடந்தது; எது என்று தெரியவில்லை.

"பிடிக்காதத உள்ள வெக்கமாட்டேன் சார்," என்றார்.

"பேய்க்கதையா?"

"அது தலகாணிகிட்ட இருக்கு. நல்லா தூக்கம் வருது."

"அப்போ இறையியலா?"

"அத எழுதினவரு எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்காரு. எங்க வார்டுல ஒரு நாள் நின்னிருந்தா எழுதினதுல பாதிய அடிச்சுப் போட்டிருப்பாரு. ஆனா சண்ட போட ஆள் வேணுமில்ல? உள்ளதான் இருக்கு."

வெளியே கிடந்தது, வெள்ளைக்காரன் பெங்களூருக்கு வராமலே போயிருந்தால் என்கிற கற்பனை வரலாறு. எனக்கு ரொம்பப் பிடித்த நாவல். எரிச்சலோடு காரணம் கேட்டேன்.

"வெள்ளைக்காரன் பட்டாளம் தங்குன கன்டோன்மென்ட்டே இல்லன்னா எங்க பாட்டன் பூட்டன் ஆற்காட்டுலருந்து இங்க எதுக்கு வரப்போறாங்க? புத்தகம் முழுக்கத் தேடிட்டேன் சார், இந்தத் தெருவே இல்ல. பேயாவது ஒருகாலத்துல வாழ்ந்துச்சு. இதுல நாம பொறக்கவே இல்ல."

புத்தகங்களோடு திரும்பி நடந்தேன். கோழிக்கடை, தையல்கடை, சலூன் என்று ஒவ்வொன்றிலும் உள்ளே ஆள் இருக்கிறாரா என எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.