காலைப் பார்த்தாலே தெரியும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள் நெட்டுக்குப்பத்துப் பூவம்மா. மீன் வாங்கினாலும் சரி, யார் பெண்ணுக்காவது மாப்பிள்ளை பார்த்தாலும் சரி, ஒரே பார்வைதான். இரண்டாம் முறை பார்ப்பதை அவமானம் என்றே நினைப்பாள். அவள் சொன்னது பலமுறை சரியாகவும் இருந்து தொலைத்ததால், குப்பமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐப்பசிக் காற்றில் ஒரு பைபர் படகு கவிழ்ந்தது. அதில் போனவர்கள் இரண்டு பேர். ஒருவன் பூவம்மாவின் கணவன் கிருஷ்ணப்பன். இன்னொருவன் அடுத்த தெரு நர்மதாவின் கணவன் மதி. சில நாள் கழித்து முகத்துவாரத்தில் ஒரே ஓர் உடல் ஒதுங்கியது. முகத்தை மீன் தின்றிருந்தது.

பிணவறையில் பூவம்மா துணியை விலக்கிக் காலை மட்டும் பார்த்தாள். குதிகாலில் பழைய தழும்பு. "எம் புருசன்தான்" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற நர்மதா மெல்லச் சொன்னாள். "யக்கா, அவருக்கும் அங்க ஒரு தழும்பு கீதுக்கா. ஆணி குத்துனது."

"கண்ணாலம் ஆயி ஆறு மாசம் ஆவல, உனக்கு இன்னாடி தெரியும்? இருவது வருசமா இந்தக் காலுக்கு எண்ண தேச்சி வுட்டவ நானு!"

நர்மதாவுக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "நான்தான் தப்பா பாத்துட்டேன் போலக்கா" என்று ஒதுங்கிக்கொண்டாள். பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிடலாமே என்ற போலீஸ்காரரையும் பூவம்மா விடவில்லை. "எம் புருசன எனக்கே நீ காட்டப் போறியா?" அன்று சாயங்காலமே அவள் தம்பி கொள்ளி வைத்தான்.

அதற்குப் பிறகு நர்மதா பொட்டோடும் பூவோடும் கரையில் நின்று, வருகிற படகையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள். பூவம்மாவுக்கு அவளைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருந்தது.

கருமாதிக்கு முதல் நாள் போன் அடித்தது.

"பூவு, நான்தான். ஆந்திராக்காரன் போட்டுல என்னைத் தூக்கினு போனாங்க. ஆஸ்பத்திரில நெனப்பு இல்லாம கெடந்தேன்."

"எவன்டா அது, செத்தவன் கொரல்ல வெளயாடுறது?" என்று பூவம்மா அலறினாள். அவன் பதிலுக்குத் திட்டினான். அந்த வசவு அவனுடையதுதான். சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், கடலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"மதி வந்து சேந்துட்டானா?" என்று கேட்டான் கிருஷ்ணப்பன்.

அந்தக் குதிகால். அதைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகை. அய்யோ, கட்டினவளைத் தள்ளி நிறுத்திவிட்டு அவள் புருஷனையல்லவா எரித்துவிட்டேன்! தன் கண்களை அப்படியே பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

அலறல் கேட்டு ஓடிவந்த ஜனங்களுக்கு முன்னால் வந்து நின்றாள் நர்மதா. முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா! மாமா உசுரோட கீறாராமே! அப்போ அவரும் வந்துருவாருல்ல? எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. நீ சொல்லு. நீ சொன்னா கரீட்டா இருக்கும்."

பூவம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே உட்கார வைத்தாள்.

"அன்னிக்கு நீதான்டி கரீட்டா பாத்தே."