பசை போட்ட திருகு

சிப்பில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைப் பற்றவைக்கும்போது, சிப் இருக்கும் தகடு துளியும் அசையக் கூடாது. அதை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப்பை வடிவமைப்பது என் வேலை. அளவுக்கு ஒன்றாக இல்லாமல், திருகினால் எல்லா அளவுக்கும் பொருந்துகிற ஒன்றைச் செய்திருந்தேன்.

இன்று வாடிக்கையாளர் முன்னால் சோதனை. தேறாவிட்டால் அது குப்பைக்கு.

புது அளவுத் தகட்டை வைத்தோம். திருகு அசையவே இல்லை.

"நான் அப்பவே சொன்னேன் சார், மேடம் டிசைன் செட் ஆவாதுன்னு" என்றார் எங்கள் சூப்பர்வைசர்.

குனிந்து பார்த்தேன். எல்லாத் திருகிலும் பசை.

"யார் வேலை இது?"

"நான்தான் மேடம்" என்றார் சூப்பர்வைசர். "மெஷின்ல வேலை செய்யற பொண்ணுங்க எந்நேரமும் திருகிக்கினே இருக்குதுங்க. அதான் ஒட்டி உட்டேன்."

"திருகறதுக்குத்தானே சார் திருகு?"

வாடிக்கையாளர் "அப்புறம் பார்க்கலாம் மேடம்" என்று கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் சூப்பர்வைசரே வந்து ஆறுதல் சொன்னார்: "உடுங்க மேடம். அடுத்த வாட்டி யாரும் அட்ஜஸ்ட் பண்ண முடியாத மாதிரி ஒரு அட்ஜஸ்டபிள் கிளாம்ப் போட்டுக் குடுங்க."

செவிலிமேடு பஸ்ஸில் இருக்கிறேன். அந்தப் பசை எந்தக் கடையில் கிடைக்கும், யாருக்காவது தெரியுமா? நல்ல பிடிப்பு. அவர் வாய்க்குக் கொஞ்சம் வேண்டும்.