வெள்ளைத் தாளில் அப்பாவின் பெயர்

அப்பாவின் மாத்திரை கார்த்திகை பிறக்கும்வரைதான் வரும். அதற்குப் பிறகு வாங்க வழியில்லை. போன ஐப்பசியில் எங்கள் நிலைமை இதுதான். அண்ணாமலையாரை நம்பி வாழும் நீங்கள் படிப்பீர்கள் என்பதால், அந்த மாதம் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்பா பெயர் ஏழுமலை. அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தபோது அம்மா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் மாற்றி வைத்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, தினமும் மாத்திரை போட வேண்டும். ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விட்டால் அப்பாவும் போவார், அம்மா கொடுத்ததும் வீணாகும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வாடகை வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறேன். கம்பெனி எடுத்துக் கொடுத்த தனியார் இன்சூரன்ஸில் அப்பாவும் அம்மாவும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆன பிறகு சில மாதங்களுக்கு மருந்துச் செலவையும் தருவார்கள். முதலில் நாம் வாங்க வேண்டும். டாக்டர் சீட்டையும் கடையின் அசல் பில்லையும் அனுப்பினால் பணம் திரும்ப வரும். அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த மருந்து. ஆபரேஷனுக்கே நகை எல்லாம் போய்விட்டது.

என்னென்ன அனுப்ப வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தேன். சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, வங்கிப் புத்தக நகல் எல்லாம் என்னிடம். பில்கள் மட்டும் அம்மாவிடம். மருந்துக் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கி வருவது அவர்தான். அம்மா அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர். நிலப் பட்டாவானாலும் என் ஹால் டிக்கெட்டானாலும், மூலையில் மஞ்சள் தொட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் எடுப்பார். பில்களையும் அப்படியே மஞ்சள் தொட்டு, பூஜை அலமாரியில் கற்பூர டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தார்.

"சாமிகிட்ட இருக்குது. எங்கயும் போவாது" என்றார்.

அனுப்பும் நாளில் டப்பாவைத் திறந்தேன். எழுத்து மங்கியிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். போனில் படம் எடுத்தேன். படத்தில் எழுத்தே விழவில்லை, தாள் மட்டும்தான் தெரிந்தது. மழை வெளிச்சம், அதனால்தான் என்று நினைத்துக் கூரியரில் போட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது.

"மேடம், பில்லுனு எழுதியிருக்கீங்க. கவர்ல வெறும் வெள்ளப் பேப்பர்தாங்க இருக்கு."

கவர் திரும்பி வந்தது. பிரித்தபோது வீடெல்லாம் கற்பூர வாசனை. மூலையில் மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது. மற்றபடி ஒரு எழுத்துக்கூட இல்லை. கடைப் பெயர், தேதி, மருந்து, தொகை எல்லாம் போயிருந்தன. அப்பா ஒரு தாளை எடுத்து மேல்பக்கத்தை விரலால் தடவினார்.

"என் பேரு இருந்த எடம் இதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா அந்தத் தாளை வாங்கி மறுபடி கவருக்குள் வைத்தார்.

காரணம் எனக்குப் புரிந்தது. அந்தத் தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ஒரு பூச்சுதான் எழுத்தாகத் தெரியும். எண்ணெய்க் கையும் கற்பூர ஆவியும் சேர்ந்தால் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடும். புரிந்தும் பயன் இல்லை. கெடு தேதிக்குள் அசலோ, கடை முத்திரை போட்ட நகலோ வராவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்று மெயில் வந்தது.

மருந்துக் கடைக்குப் போனேன். அவர்கள் புதுக் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார்கள். பில் நம்பர் சொன்னால்தான் பழையதில் தேடி எடுக்க முடியுமாம். "வெள்ளத் தாள நீட்டி பில்லுனு சொன்னா நான் என்னக்கா பண்றது? நாளைக்கி வெத்தலய நீட்டுவீங்க" என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த வாரம் மாலையானால் அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் அம்மா கையைப் பிடித்து எழுந்து போனார். போய்ப் பார்த்தேன். தெரு காலியாக இருந்தது.

மறுநாள் காலை அம்மா அந்தக் கவரையும் எடுத்துக்கொண்டு கிரிவலம் கிளம்பினார். நானும் போனேன். மூடுபனி. மலை இருக்கும் இடத்தில் மலை இல்லை. எப்போதும் ஆட்கள் இருக்கும் பாதையில் அன்று யாரும் இல்லை. நாங்கள் வெறுங்காலில் நடந்தோம். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நின்றால் அதுவும் நின்றது. திரும்பினேன், பனிதான் இருந்தது. அம்மாவும் கேட்டிருக்கிறார், அவர் முகத்தில் தெரிந்தது. "பாக்காம வாடி" என்று மட்டும் சொன்னார். பாதையிலுள்ள அக்னி லிங்கக் கோயிலுக்குள் நுழைந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

அம்மா கவரைக் குருக்களிடம் நீட்டி, சாமி பாதத்தில் வைத்துத் தரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. தாள்கள் ஏற்கெனவே வெள்ளை. இனி என்ன கெட்டுவிடப் போகிறது? நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். எனக்கு நீளமாக வேண்டத் தெரியாது. "நெருப்பாக நின்றவரே, எங்க அப்பா பேரை அழிச்சிடாதீங்க." அவ்வளவுதான்.

குருக்கள் தாள்களைக் கவரிலிருந்து எடுத்து, அப்போதுதான் ஆரத்தி முடிந்த பித்தளைத் தட்டில் பரப்பி உள்ளே கொண்டுபோனார். வெளியே வந்தவர் தட்டை எங்கள் முன்னால் நீட்டினார்.

"ஏம்மா, என்ன பேப்பர் இது? நான் ஒண்ணுமே பண்ணல."

தாள்கள் கறுத்துக்கொண்டிருந்தன. எரியவில்லை, புகையில்லை. ஓரத்திலிருந்து நடுவுக்கு இருட்டு ஊர்ந்து போனது. சாமி ஏற்கவில்லை என்று அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் தட்டருகே குனிந்தேன். கறுப்புக்குள் வெள்ளையாக ஏதோ எழும்பியது. தாளுக்குப் பின்னாலிருந்து யாரோ எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாக வந்தது. முதலில் தெரிந்தது 'ஏழுமலை' என்ற பெயர். பிறகு தேதி. பிறகு பில் நம்பர்.

"அம்மா, அப்பா பேரு" என்றேன்.

நின்ற இடத்திலேயே எல்லா நம்பர்களையும் எழுதிக்கொண்டேன். மதியமே மருந்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கறுப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பரைத் தட்டினார். பில்கள் வந்தன. முத்திரை போட்டுக் கொடுத்தார். கெடுவுக்குள் அனுப்பினேன். கார்த்திகை பிறப்பதற்குள் பணம் வந்தது. அன்றே மாத்திரை வாங்கினோம். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

எழுத்து அழிந்த இடம் வெளுப்பாக நிற்க, சுற்றிலும் கெடாமல் இருந்த பூச்சு ஆரத்தித் தட்டின் சூட்டில் கறுத்தது. அதனால் எழுத்து தெரிந்தது. இது படித்தவர்கள் சொல்லும் விளக்கம், நானும் சொல்வேன். ஆனால் முதலில் மருந்துக் கடைக்கு எடுத்துப் போனபோது ஒரு பில் திரும்பக் கவரில் சேராமல் என் பையிலேயே தங்கிவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து அதை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கிப் பார்த்தேன். முழுக்கக் கறுத்தது. ஒரு எழுத்தும் வரவில்லை. அதே கடை, அதே தாள், அதே டப்பா. அந்த ஒன்றுக்கு மட்டும் பணம் கிடைக்கவில்லை.

அதற்கு முன்னால் நான் கோயிலுக்குப் போனால் அம்மாவுக்குத் துணையாகத்தான் போவேன். இப்போது எனக்காகப் போகிறேன். மருந்துச் சீட்டோடும் பில்லோடும் ஆபீஸ் ஆபீஸாக அலைகிற எத்தனையோ பேர் இதைப் படிக்கலாம். பில் கைக்கு வந்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் கதவு மூடிக்கொண்டால், வெட்கப்படாமல் அண்ணாமலையாரிடம் போய்க் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டாலும் போங்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தீபத்தன்று அப்பா மொட்டை மாடியில் நின்று, மலை உச்சியில் சுடர் எழும்போது, யார் கையையும் பிடிக்காமல் கும்பிட்டார்.