ஆறாம் நம்பர் தூண்டில்

போன வருடம் வரை இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூண்டில் தடி வாங்கப் போன இடத்தில் எண் சாத்திரம் பார்க்கிற மனிதரை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? எனக்கு வாய்த்த மாமா அப்படிப்பட்டவர்.

அம்மாவின் தம்பி அவர். பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறவர். அப்போது எனக்குப் பதினொரு வயது. நகருக்கு வெளியே கார்ஜில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துச் சிறுவர் மையத்தில் மீன் பிடிக்கப் பழக்கினார்கள். சும்மா புழுக் கோத்துப் பிடிப்பதல்ல. இறகாலும் மயிராலும் கட்டிய பொய்ப்பூச்சியை நீள நூலில் வீசி மீனை ஏமாற்றுகிற வித்தை. நாங்கள் குறிவைத்தது புரோஷே என்கிற, வாய் நிறையப் பல்லுள்ள வேட்டை மீனை. ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குப் போகச் சொந்தத் தடி வேண்டும். வாங்கித் தருவதாக மாமா சொன்னார்.

சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு, எண்ணெய் மணக்க மணக்க என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தடிகளுக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட, பாரமான நூலையும் பெரிய பூச்சியையும் வீசலாம். புரோஷேக்கு எட்டாம் நம்பராவது வேண்டும் என்று பழக்கினவர் சொல்லியிருந்தார். கடைக்காரரும் அதையே சொல்லி எட்டை எடுத்து என் கையில் தந்தார். ஆட்டிப் பார்த்தேன். அம்மாடி, என்ன தடி!

மாமா அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டார்.

"எட்டு வேண்டாம் பிள்ளை, அது சனியன்ரை நம்பர். ஆறை எடு, முருகன்ரை நம்பர்."

"அது சின்ன மீனுக்கு!" என்று பிரெஞ்சில் கத்தினேன்.

"சின்ன மீனும் மீன்தானே" என்று காசைக் கட்டிவிட்டார். வழியில் தின்ன வாங்கித் தந்த றோல்ஸை நான் தொடவேயில்லை.

குளக்கரையில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல? உள்ளங்கை அளவுப் பூச்சியை ஆறாம் நம்பர் தூக்கவேயில்லை. ஒருதரம் என் தொப்பியில் மாட்டியது, மறுதரம் காலடியில் பொத்தென்று விழுந்தது. எதிரே நாணல் ஓரத்தில் புரோஷே ஒன்று பாய்ந்ததை எல்லோருக்கும் முன் கண்டவள் நான். கண்டு என்ன பயன்? என் வீச்சு பாதித் தூரம்கூடப் போகவில்லை. பக்கத்தில் நின்ற பெடியன் எட்டாம் நம்பரால் வீசிப் பிடித்து, படமெடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். என் மீன் அது! மாமாவோ நாள் முழுக்க என் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்று எரிச்சலைக் கூட்டினார்.

"நம்பர் பாக்கிற ஆக்களோடை நான் இனிக் கதைக்கமாட்டன்" என்றேன். நன்றாகச் சுடட்டும் என்றுதான் தமிழில் சொன்னேன். அவர் வாய் திறக்கவில்லை. நானும் மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை.

போன வருடம் அம்மாவிடம் இதையெல்லாம் பொரிந்து தள்ளினேன். அம்மா கறி கிளறுவதை நிறுத்தினார்.

"அவன் எங்கை நம்பர் பாத்தவன்? எட்டு உனக்கு ஆகாதெண்டு பாத்தது நான். உன்ரை சாதகத்திலை தண்ணியிலை கண்டம் எண்டு, உன்னைக் குளத்துப் பக்கமே விடமாட்டன் எண்டு நிண்டனான். எட்டு வாங்கமாட்டன், அவளை விட்டு அசையமாட்டன் எண்டு என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணித்தான் கூட்டிக்கொண்டு போனவன்."

தெரிந்திருந்தால் அன்றைக்கும் கத்தித்தான் இருப்பேன், அம்மாவைப் பார்த்து. அந்தக் கத்தலைத் தன் பக்கம் வாங்கிக்கொள்ளத்தான் மாமா பேசாமல் நின்றார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.