அறுபத்தொரு லிங்க்கும் அரைச் சுற்றும்

சக்கர நாற்காலி மெக்கானிக்குக் கடைசி வரை வியந்து தீராத ஆள் ஒருத்தி உண்டென்றால், அது அவருடைய கொழுந்தியாள்தான். தெருவுக்கு மேலே பாலம் வந்த நாளிலிருந்து அவர் பட்டறைப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்ப்பதில்லை. இணையத்தில் தேடி வருகிறவர்கள்தான் கதி. தேடினாலோ, பட்டறையின் பெயர் ஏழாம் பக்கத்தில் கிடந்தது. ஏழாம் பக்கம் வரை எந்தப் புண்ணியவான் போகப் போகிறான்?

மற்ற தளங்கள் நம் பக்கத்தைக் கைகாட்டினால் தேடுபொறி நம்மை மேலே தூக்கிவிடும், அந்தக் கைகாட்டலுக்குத்தான் லிங்க் என்று பெயர் என்று விளக்கியவள் அவள். ஒரே வாரத்தில் ஐந்நூறு லிங்க் விலைக்குத் தருகிறேன் என்று ஒருவன் போனில் வலை விரித்தபோது, அந்த வேலையே வேண்டாம், நானே கேட்டு வாங்குகிறேன் என்றவளும் அவள்தான்.

எப்படிக் கேட்டாள் என்கிறீர்கள்? ஆடுகிற முன் சக்கரத்தை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி என்று மெக்கானிக் சொல்லச் சொல்ல எழுதி, படம் போட்டு ஒரு பக்கம் செய்தாள். பிறகு மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, பெற்றோர் குழு என்று ஒவ்வொரு தளமாக உட்கார்ந்து படித்தாள். திறக்காத லிங்க் கண்ணில் பட்டால் அதைச் சுட்டிக்காட்டி உடனே அவர்களுக்கு ஒரு கடிதம். எங்கள் பக்கம் பயன்படுமானால் போடுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கடைசி வரி. தனக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத இடத்துக்கும் எழுதினாள், அதுதான் கூத்து. மெக்கானிக் அவளுக்குத் தபால்காரி என்று பெயரே வைத்துவிட்டார். எட்டு மாதத்தில் அறுபத்தொரு தளங்கள் கைகாட்டின. பட்டறை முதல் பக்கத்தில் மூன்றாவது! மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் ஒரு நாள், புதுப் படம் எடுக்க வந்தவள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நட்டை இறுக்கிவிட்டு அரைச் சுற்று தளர்த்த வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அவளும் அப்படியே எழுதியிருந்தாள். அவர் கையோ கால் சுற்றோடு நின்றுவிட்டது. இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். அப்போதும் கால் சுற்றுதான். முப்பது வருஷமாகக் கை அது பாட்டுக்குச் சரியாகச் செய்திருக்கிறது. வாயிடம் யாரும் கேட்டதில்லை, கேட்டபோது தப்பாகச் சொல்லிவிட்டது. அரைச் சுற்று தளர்த்தினால் ஆட்டம் கூடும், ஒரு நாள் சக்கரம் கழன்றே போகும்.

சத்தம் போடாமல் நம் பக்கத்தைத் திருத்திவிடு என்றார். பதினாலு தளங்கள் அந்த வரியை எடுத்துப் போட்டிருக்கின்றன, மற்ற இடங்களிலிருந்து வந்து படித்தவர்கள் எத்தனை பேரோ என்றாள். அறுபத்தொரு பேருக்கும் எழுதப் போகிறாளாம்!

"எல்லாரும் லிங்க்கை எடுத்துட்டா மறுபடி ஏழாம் பக்கம்தான். தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. ஆனா நம்ம பேச்சை நம்பித்தானே போட்டாங்க."

எழுதியே விட்டாள். தவறு எங்களுடையது, கால் சுற்றுதான் சரி, படித்தவர்களுக்குச் சொல்லுங்கள், எங்களை நீக்குவதானாலும் நீக்குங்கள். நாலு நாளில் ஒன்பது தளங்கள் நீக்கின. பட்டறை இரண்டாம் பக்கத்துக்குச் சரிந்தது. மெக்கானிக்குச் சோறு இறங்கவில்லை, கொழுந்தியாள் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு பதில் வந்தது. பெற்றோர் குழுவைச் சேர்ந்த ஒரு தகப்பன் எழுதியிருந்தான். அவள் சத்தமாகப் படித்தாள்: "உங்கள் கடிதத்தைக் குழுவில் போட்டபோது, என் மகளின் நாற்காலியைக் கவிழ்த்து அரைச் சுற்று தளர்த்தி முடித்திருந்தேன். உடனே திரும்பவும் கால் சுற்று இறுக்கினேன். இப்போது அவள் சாய்தளத்தில் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறாள். சிரிக்கிறாள்."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். அறுபத்தொண்ணு, அறுபத்தொண்ணு என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாரே, அதில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது அவருக்கு இத்தனை நாள் தெரியவில்லை. இவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் பதில் போடாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். பதிமூன்று பேர் என்றாள்.

ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அவங்க போன் நம்பரைத் தேடிக் குடும்மா. நானே பேசுறேன்."