கத்தரிக்கோலை விடாத அப்பா

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு நூலகத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் கைவேலை வகுப்பு நடத்துகிறேன். குழந்தைகளைச் சமாளித்துவிடலாம். என் உயிரை வாங்கியவர் ஓர் அப்பா.

ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் எப்படியோ தன்னைத் திணித்துக்கொள்வார். மகள் இரண்டு வெட்டு வெட்டுவதற்குள் கத்தரிக்கோல் அவர் கைக்குப் போய்விடும். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

"கைய எடுங்கண்ணா, குழந்தையே பண்ணட்டும்."

"கோணையா வெட்டிக்கினு இருக்குது மேடம்."

"கோணையா இருந்தா இருந்துட்டுப் போகுது!"

வாராவாரம் இதே பாட்டு. வெளியே நிற்கச் சொன்னேன். ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினார்.

ஒரு ஞாயிறு ஜிகினாத் தாளில் பல்லி செய்தோம். அன்று அவர் மட்டும் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா எங்க?"

"ஜொரம் மேடம். அவங்க அம்மாகூட ஊட்ல இருக்குது."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். வால் ஒருவழியாக வந்தது. அடுத்து கத்தரிக்கோல் நேராகப் பின்னங்காலை நோக்கிப் போனது. பொறுக்க முடியாமல் கையை நீட்டிவிட்டேன்.

"கைய எடுங்க மேடம்," என்றார், நிமிராமலேயே. "கோணையா இருந்தா இருந்துட்டுப் போவுது."

மூன்று கால் பல்லியைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினார். மகளுக்கா, தனக்கா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.